உடைந்த பல்லும் ஒளித்து வைத்த பயமும்

இந்த முறை பாடம் என் வாயிலிருந்தே வருகிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வலது பக்கம், கீழ்த்தாடை, கடைசிப் பல்.

தீபாவளிக்கு மறுநாள் அத்தை வீட்டில் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ‘கடக்’ என்று ஒரு சத்தம். முறுக்குதான் உடைந்தது என்று நினைத்தேன். நாக்கால் தடவிப் பார்த்தால் கூராக ஒரு விளிம்பு. ஞானப்பல்லில் பாதியைக் காணோம்! அத்தைக்கு இன்று வரை தெரியாது. முறுக்கின் மேல் குற்றமும் இல்லை. அந்தப் பல் உள்ளே சொத்தையாகி, வெறும் ஓடாகத்தான் நின்றிருக்கிறது.

அன்று பெரிய வலி இல்லை. குளிர்ச்சியாக ஏதாவது பட்டால் மட்டும் ‘சுளீர்’ என்றது. உடனே கிளினிக்குப் போயிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? இடது பக்கம் மெல்லப் பழகிக்கொண்டேன். ஐஸ் மைலோவை விட்டேன். இரவில் வலித்தால் பானடோல். இப்படியே ஐந்து மாதம் ஓட்டினேன். வாரக் கூட்டத்தில் உங்களுக்குத் துணிச்சலைப் பற்றிப் பேசிய அதே அண்ணன்தான்!

பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது பள்ளிக்குப் பல் தாதியர் வந்திருந்தார்கள். எனக்கு முன்னால் போன நண்பன் திரைக்குப் பின்னாலிருந்து கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது. அவனுக்கு என்ன செய்தார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. சத்தம் மட்டும் போதுமானதாக இருந்தது.

நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். “பத்துமலையில அலகு குத்திக்கிட்டு 272 படி ஏறினவன், ஒரு சின்ன ஊசிக்குப் பயப்படுறியா?” நியாயமான கேள்வி. நானும் யோசித்துப் பார்த்தேன். அங்கே நானாக விரும்பிப் போனேன். விரதமிருந்து மனதைத் தயார் செய்தேன், சுற்றிலும் என் ஆட்கள் இருந்தார்கள். இங்கேயோ மல்லாந்து படுத்து, வாயைத் திறந்துகொண்டு, பேச முடியாமல், முகம் தெரியாத ஒருவர் கையில் என்னைக் கொடுக்க வேண்டும். எனக்கு வலியைவிட இந்தக் கட்டுப்பாடு இல்லாத நிலைதான் பயம். இதைக் கண்டுபிடித்ததே பாதி வேலை முடிந்த மாதிரி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பல்லைப் பற்றிக் கொஞ்சம். ஞானப்பல் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கிறது. சரியாக நம் வயதுதான். நமது தாடையில் பலருக்கு அதற்கு இடம் போதாது. அதனால் சாய்ந்தும், பாதி ஈறுக்குள் புதைந்தும் வரும். பிரஷ் அங்கே ஒழுங்காக எட்டாது. உணவு சிக்கும், சொத்தை விழும். பல்லின் வெளி ஓடான எனாமலில் உயிருள்ள அணுக்கள் கிடையாது. கை எலும்பு முறிந்தால் கூடும். உடைந்த பல் தானாகக் கூடாது. காத்திருப்பதால் ஒரு லாபமும் இல்லை.

ஆனால் காத்திருப்பவனை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. டிசம்பர் மாதம் எனக்கு வலி சுத்தமாக நின்றுவிட்டது. “பாத்தியா, தானா சரியாயிடுச்சு” என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். உண்மையில் நடந்தது வேறு. கிருமி பல்லுக்குள் இருக்கும் கூழ் வரை போய், அங்கிருந்த நரம்பு செத்துவிட்டது. மணியடிப்பவன் போய்விட்டான், தீ அணையவில்லை. அது வேர் நுனி வழியாகத் தாடை எலும்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் எழுந்தால் கன்னம் பூரி மாதிரி உப்பியிருந்தது. வாயை ஒரு விரல் அகலம்தான் திறக்க முடிந்தது. கிராம்பு வைத்துப் பார்த்தேன். கிராம்பில் யூஜெனால் என்ற பொருள் இருக்கிறது, அது கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும், அவ்வளவுதான். சீழை எடுக்காது. சிலர் ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம், ஈறு வெந்துவிடும். பானடோலும் 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு நாளைக்கு 8-ஐத் தாண்டக் கூடாது. பல்வலியில் கணக்கு மறந்து விழுங்கி ஈரலைக் கெடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

பாட்டி வேறு பக்கத்தில் உட்கார்ந்து, “பல்லப் பிடுங்கினா கண்ணு போயிடும்டா” என்றார். இதை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். பார்வைக்கு வேறு நரம்பு, பல்லுக்கு வேறு நரம்பு. மூளையிலிருந்து வரும் நரம்புகளில் பார்வை நரம்பு இரண்டாவது, பல்லுக்கு வருவது ஐந்தாவதின் கிளை. பல்லைப் பிடுங்குவதால் கண் போகாது. பாட்டியிடம் இதை விளக்கினேன். “நீ போய்ட்டு வா, பாப்போம்” என்றார்.

அரசாங்கப் பல் கிளினிக்குத் தங்கச்சிதான் கூட வந்தாள். டாக்டர் அன்றே பிடுங்கவில்லை. வீக்கமும் சீழும் இருக்கும் இடத்தில் திசு அமிலத் தன்மை அடைவதால் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாதாம். சீழை வெளியேற்றி, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தள்ளிப்போடத் தள்ளிப்போட, ஊசி சரியாக ஏறாத நிலைக்கு நாமே பல்லைக் கொண்டுபோகிறோம். அப்புறம் வலித்தது என்று ஊரெல்லாம் சொல்கிறோம். அதைக் கேட்டு இன்னொருவன் பயப்படுகிறான்.

அந்த ஒரு வாரத்தில் நிறைய படித்தேன். 1844-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்துவிட்டு, தன் கடைவாய்ப் பல்லையே சக மருத்துவர் ஒருவரிடம் பிடுங்கச் சொன்னார். வலி தெரியவில்லை. அதுவரை பெரும்பாலானவர்கள் எல்லாவற்றையும் உணர்ந்துகொண்டேதான் பல் பிடுங்கியிருக்கிறார்கள், நினைத்துப் பாருங்கள்! இன்று கிளினிக்குகளில் பரவலாகப் போடும் லிக்னோகேய்ன், 1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. நரம்பில் செய்தி ஓடுவதற்கு வேண்டிய சோடியம் வாசல்களை அது அடைத்துவிடும். வலியைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பு இழைகள் முதலில் அடங்கும். அழுத்தத்தைச் சொல்லும் தடித்த இழைகள் அவ்வளவு சுலபத்தில் அடங்காது. அதனால்தான் வலி தெரியாவிட்டாலும் அழுத்துவதும் தள்ளுவதும் தெரியும். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள், இல்லாவிட்டால் “ஐயோ, மரக்கல!” என்று பதறுவீர்கள்.

பிடுங்கும் நாள். உள்ளே போனதும் முதல் வாக்கியமாகச் சொல்லிவிட்டேன்: “டாக்டர், எனக்கு ரொம்ப பயம்.” அவர் சிரிக்கவில்லை. “இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறேன்” என்றார். முன்னே சொன்னேனே, எனக்குப் பயம் கட்டுப்பாடு இல்லாததுதான் என்று. அது அந்த ஒரு கையில் திரும்பக் கிடைத்தது. ஒரு முறை சோதித்தும் பார்த்தேன். வலியே இல்லாமல் கையைத் தூக்கினேன், உண்மையாகவே நிறுத்தினார்! அதற்குப் பிறகு தூக்கவில்லை.

ஊசி எறும்புக் கடிபோல இரண்டு முறை. நெஞ்சு கொஞ்சம் படபடத்தது. மருந்தோடு சேர்த்திருக்கும் அட்ரினலினால் அப்படி இருக்கும், அடங்கிவிடும் என்றார். சற்று நேரத்தில் பாதி உதடு காணாமல் போனது. பல்லை இழுத்துப் பிடுங்குவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. பல்லையும் எலும்பையும் பிணைக்கும் நார்களை மெல்ல விடுவித்து, குழியை அகலப்படுத்தி, பல்லை அசைத்து எடுக்கிறார்கள். என் பல்லை இரண்டாக வெட்டி எடுத்தார். ‘கிரீச்’ என்ற சத்தம்தான் மோசம். அடுத்த முறை காதில் பாட்டு போட்டுக்கொள்வேன்.

நீங்கள் போவதானால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஊசி மட்டும் போடுவதென்றால் சாப்பிட்டுவிட்டே போகலாம். விரதமாக இருந்தால் வேறு நாள் கேளுங்கள். இதய நோய், ஒவ்வாமை, சாப்பிடும் மருந்து எதையும் மறைக்காதீர்கள். கீழ்த்தாடை என்றால் எக்ஸ்ரே பார்த்து, வேர் நரம்புக்கு எவ்வளவு பக்கம் என்று கேளுங்கள். சிலருக்கு உதடு சில காலம் மரத்தே இருக்கக்கூடும்.

பிடுங்கிய பிறகுதான் நம் பொறுப்பு. பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் துப்புவது, கொப்பளிப்பது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது கூடாது. குழியில் உறையும் இரத்தக் கட்டிதான் எலும்புக்கு மூடி. அது கழன்றால் சில நாளில் காது வரை இழுக்கும் வலி வரும். சிகரெட், வேப் பிடிப்பவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். (யாருக்குச் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரியும்.) நான் இரண்டு நாள் ஆறின கஞ்சி, மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கம் கூடியது. அது இயல்பு, பிறகு இறங்கிவிட்டது.

ஆனால் பல் பிடுங்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும், தாடைக்கு அடியில் வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால், கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். கழுத்துக்கு இறங்கும் கிருமி மூச்சுக் குழாயை நெருக்கிவிடும். என் சித்தப்பா அப்படித்தான் இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். எங்கள் குடும்பத்தில் பயம் பரம்பரைச் சொத்து.

போன கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லி முடித்ததும், கடைசி வரிசைத் தம்பி ஒருவன் தனியாக வந்தான். “அண்ணே, எனக்கும் ஒண்ணு உடைஞ்சிருக்கு. எட்டு மாசமாச்சு.” வருகிற புதன்கிழமை அவனோடு கிளினிக்குப் போகிறேன். என் இடது பக்கத்திலும் ஒன்று சாய்ந்து நிற்கிறதாம், அதையும் அன்றே பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பாட்டிக்கு இன்னும் சொல்லவில்லை.