பூங்குழலியும் மனத்தின் வகைகளும்



பல்லாவரத்தில் பேருந்து ஏறிப் பள்ளி வந்து சேருவதற்குள் நான்கு பேரைத் தோழியராக்கிக் கொள்வோர் நம்முள் உண்டு. ஆண்டு முழுதும் சன்னலோரத்தில் அமைதியாக அமர்ந்திருப்போரும் உண்டு. முன்னவரை 'வாயாடி' என்கிறோம். பின்னவரை 'உம்மணாமூஞ்சி' என்கிறோம். இது சரியா?

சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் கார்ல் யுங், 1921-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தார். மனத்தின் நாட்டம் வெளியுலகை நோக்கிச் செல்வது புறமுகம். உள்ளத்தை நோக்கித் திரும்புவது அகமுகம். இவற்றுடன் சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு, உள்ளுணர்வு என்னும் நான்கு ஆற்றல்களையும் எடுத்துரைத்தார். பின்னர் அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்னும் தாயும், இசபெல் மையர்ஸ் என்னும் அவர் மகளும் இக்கருத்தை விரித்துப் பதினாறு வகைகளாக அமைத்தனர்.

இந்த அளவுகோலைக் கொண்டு பூங்குழலியைப் பார்ப்போம். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலில் வரும் ஓடக்காரப் பெண் அவள். குந்தவையைப் போல வரலாற்றில் வாழ்ந்தவள் அல்லள். ஆசிரியரின் கற்பனைப் படைப்பு.

கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகளான அவள் தனியே படகு செலுத்துகிறாள், தனியே பாடுகிறாள். யாரிடமும் எளிதில் கலகலப்பாகப் பழகும் வந்தியத்தேவன் புறமுகம் என்றால், இவள் அகமுகமே. காற்றின் போக்கும், புதைசேறு இருக்கும் இடமும் அவளுக்கு அத்துபடி, அது புலனறிவு. நாவு கடுமையானது, ஆனால் இளவரசர் அருள்மொழிவர்மர் மேல் கொண்ட அன்பை நெஞ்சுக்குள்ளேயே சுமக்கிறாள், அது உணர்ச்சி.

இனி ஒரு கேள்வி. தனிமையை விரும்பும் இப்பெண் பிறர் துயரைக் கண்டு ஒதுங்கினாளா? இல்லை. கப்பல் எரிந்து கடலில் தத்தளித்த இளவரசரையும் வந்தியத்தேவனையும் தன் படகில் ஏற்றிக் காப்பாற்றியவள் அவளே. தனியே படகு செலுத்திப் பெற்ற பழக்கம்தான் அன்று இரண்டு உயிர்களைக் காத்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? அகமுகம் என்பது கோழைத்தனமும் அன்று, தன்னலமும் அன்று. ஒருவர் எங்கிருந்து ஊக்கம் பெறுகிறார் என்பதையே அது சுட்டுகிறது. பெற்ற ஊக்கத்தை எதற்குச் செலவிடுவது என்பது அவரவர் விருப்பத்தையும் பயிற்சியையும் பொறுத்தது.

மேலும், முழு அகமுகமோ முழுப் புறமுகமோ உடையவர் எவரும் இலர், பெரும்பாலோர் இடைப்பட்டவரே. பதினாறு வகைச் சோதனையை மீண்டும் எழுதியபோது வேறு வகையில் சேர்ந்தவர்களும் பலர் உண்டு. ஆகவே உளவியலார் பலர் அதனை ஐயத்துடனேயே நோக்குகின்றனர்.

பெற்றோரே, உங்கள் மகள் அதிகம் பேசாதவளாயின் அதைக் குறை என்று எண்ணி வருந்தாதீர்கள். அவள் கையில் துடுப்பைக் கொடுங்கள். தோழியரே, சன்னலோரத்தில் அமர்ந்திருப்பவளுக்குப் பெயர் சூட்டுமுன், அவளுக்கு என்ன தெரியும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.