மூளை முடக்குவாதக் குழந்தையை வீட்டில் பராமரிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

மூளை முடக்குவாதம் என்று மருத்துவர் சொன்னதும் பெற்றோர் முதலில் கேட்பது, "பிசியோதெரபிக்கு எங்கே போகணும்?" என்பதுதான். அவசியம் போக வேண்டும். ஆனால் பயிற்சி மையத்தில் குழந்தை இருப்பது சிறிது நேரமே. மீதி நேரமெல்லாம் உங்கள் இடுப்பிலும் மடியிலும் பாயிலும்தான் இருக்கிறது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு தானாக அதிகமாவதில்லை. தசை இறுக்கமும் மூட்டுக் கோணலும் நெஞ்சுச் சளியும்தான், கவனிக்காவிட்டால், நாளாக ஆக மோசமாகும். அவற்றைத் தடுப்பது வீட்டாரின் கையில் பெருமளவு இருக்கிறது.

படி 1: தூக்குங்கள், இழுக்காதீர்கள்

மல்லாந்து கிடக்கும் குழந்தையைக் கைகளைப் பிடித்து இழுத்தால் உடம்பு விறைக்கும், தலை பின்னால் போகும். முதலில் ஒருக்களித்துப் புரட்டுங்கள். இடுப்பையும் முழங்காலையும் மடக்கிக்கொண்டு, உங்கள் உடலோடு அணைத்துத் தூக்குங்கள்.

கால்கள் பின்னிக்கொள்ளும் குழந்தைக்கு, நம் வீடுகளில் பிள்ளையை இடுப்பில் வைக்கும் பழைய முறையே நல்லது. இரண்டு கால்களும் அகன்று, இடுப்பு மடங்கி இருக்கும். குழந்தையும் நாலு பக்கம் வேடிக்கை பார்க்கும்.

படி 2: உட்காரவும் படுக்கவும் ஓர் இடம்

இரண்டு சுவர் சேரும் மூலையில் தலையணை அண்டக்கொடுத்து உட்காரவைக்கலாம். நாற்காலி என்றால் பாதம் தொங்கக் கூடாது. அடியில் பலகை வையுங்கள். படுக்கும்போது ஒருக்களித்து, முழங்கால்களுக்கு இடையே சிறு தலையணை வைப்பது நல்லது. தானாகப் புரள முடியாத குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவையுங்கள். குளிப்பாட்டும்போது முதுகு, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் மறையாத சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: ஊட்டுதல்

அதிக ஆபத்தும் அதிகப் பலனும் உள்ள வேலை இதுதான். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை அதன்மேல் மல்லாத்திப் பாலாடையால் ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. விழுங்கத் திணறும் குழந்தைக்கு அது கூடவே கூடாது. தலை பின்னால் சாய்ந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். அடிக்கடி வரும் நிமோனியாவுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் லேசாகத் தாழ்ந்திருக்கும்படி பாருங்கள். நீங்கள் எதிரே, அதே உயரத்தில் உட்காருங்கள். மேலிருந்து ஊட்டினால் குழந்தை அண்ணாந்துவிடும். சிறிய, குழிவில்லாத கரண்டியில் கொஞ்சமாக எடுத்து, நாக்கின் நடுவில் வையுங்கள். கரண்டியைக் கடித்துக்கொண்டால் பிடுங்காதீர்கள். தாடை தளரும்வரை பொறுங்கள். முந்தைய வாய் இறங்கிய பிறகே அடுத்தது.

பல குழந்தைகளுக்கு வெறும் தண்ணீர்தான் மிகவும் கடினம், வேகமாக ஓடிவிடும். குழைந்த பருப்புச் சோறும் கெட்டியான கேழ்வரகுக் கூழும் எளிதாக இறங்கும். கொஞ்சமே சாப்பிடும் குழந்தைக்கு அதில் நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் எடை குறையாது காக்கலாம். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும்.

ஊட்டும்போது இருமல், கண்ணில் நீர், தொண்டையில் கரகரப்பு என்று தொடர்ந்து வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கச் சொன்னால் அதைத் தாயின் தோல்வியாக யாரும் பேச வேண்டாம். அது குழந்தையின் நுரையீரலைக் காக்கும் வழி.

படி 4: மருந்தும் வலிப்பும்

இக்குழந்தைகளில் பலருக்கு வலிப்பும் வரும். சிரப்பைச் சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள், சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். வலிப்பு நின்றுவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம்.

வலிப்பு வந்தால் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, பல்லிடுக்கில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு தொடங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: காரணமில்லாத அழுகை இல்லை

பேச முடியாத குழந்தை விடாமல் அழுதால் மலச்சிக்கல், பல்வலி, காதுவலி ஆகியவற்றைப் பாருங்கள். உடை மாற்றக் காலை அகட்டும்போது மட்டும் அலறினால் இடுப்பு மூட்டு விலகியிருக்கக்கூடும். எக்ஸ்ரே தேவைப்படும்.

படி 6: கிடைக்கும் உதவிகள்

தமிழ்நாட்டில் இருப்போர், மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பரிசோதனையும் பயிற்சியும் பெறலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது, தெரபிச் செலவும் அதில் அடங்கும்.

இத்தனையையும் ஒரே ஆள், பெரும்பாலும் தாய், தனியாகச் சுமக்கிறார். அப்பா, பாட்டி, மூத்த பிள்ளை என்று வீட்டில் இன்னொருவராவது ஊட்டவும், வலிப்பு வந்தால் கவனிக்கவும் இந்த வாரமே கற்றுக்கொள்ளட்டும்.