உண்ண மறுக்கும் குழந்தை

காலை வேளை. ஓசூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்லும் கம்பெனிப் பேருந்து உத்தனப்பள்ளியில் வந்து நின்றுவிட்டது. அம்மா ஓடுகிறாள். அவள் இடுப்பிலிருந்த ஒன்றரை வயதுத் தம்பியும் கையிலிருந்த கிண்ணமும் இப்போது அக்காவிடம். அக்கா பள்ளிக்குப் புறப்பட வேண்டும். தம்பியோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். மூக்கைப் பிடித்துப் புகட்டிவிடலாமா என்று தோன்றுகிறது அவளுக்கு. மாணவியரே, உங்களுள் பலருக்கு இது அன்றாட அனுபவம்.

மூக்கைப் பிடித்துப் புகட்டவே கூடாது. உணவு மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். அதோடு, கிண்ணத்தைக் கண்டாலே குழந்தை அழத் தொடங்கிவிடும்.

அவன் ஏன் மறுக்கிறான்? பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை ஓராண்டில் 9 கிலோ ஆகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவதோ சுமார் இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. “போன வருஷம் நன்றாகச் சாப்பிட்டானே, கண் பட்டுவிட்டது” என்று பாட்டி மிளகாய் சுற்றிப் போடுவது பெரும்பாலும் இந்த வயதில்தான்! பாட்டி கண்டது உண்மை, காரணம்தான் வேறு.

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்னும் குழந்தை மருத்துவர் 1926-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். பால்குடி மறந்த குழந்தைகளின் முன் பல உணவுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்தார். எதையும் ஊட்டவோ வற்புறுத்தவோ கூடாது என்பது செவிலியருக்கு இட்ட கட்டளை. ஒரு வேளை ஆரஞ்சுச் சாறும் ஈரலும், மறுவேளை முட்டையும் வாழைப்பழமும் என்று விநோதமாக உண்டாலும், பதினைந்து குழந்தைகளும் நன்றாகவே வளர்ந்தனர் என்று 1939-இல் அவர் எழுதினார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கிண்ணங்களில் சர்க்கரைப் பண்டம் எதுவும் இல்லை. எதை வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் விருப்பம்.

அப்படியானால் நாம் எதை வைப்பது? நம் நிலத்தில் விளையும் கேழ்வரகு இருக்கிறதே! தமிழில் களி, தெலுங்கில் சங்கடி, கன்னடத்தில் முத்தே என்று மும்மொழியிலும் அதற்குப் பெயருண்டு. 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருப்பதாக ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணை கூறுகிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை.

கேழ்வரகுக் கூழில் ஒரு சிக்கல் உண்டு. கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தை விழுங்காது. நீர்க்கக் காய்ச்சினால் வயிறு நிறையும், சத்து போதாது. இதற்கு வழி முளைகட்டுவதே. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைவிட்டதும் உலர்த்தி, முளையைத் தேய்த்து நீக்கி அரைத்து வையுங்கள். கருக வறுத்துவிடாதீர்கள், மாவுப்பொருளை இளக்கும் நொதி அதில் அழிந்துவிடும். கூழைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, சூடு சற்றே தணிந்ததும் ஒரு சிட்டிகை முளைமாவைத் தூவிக் கிளறுங்கள். தண்ணீர் விடாமலே கூழ் இளகி வருவதைப் பார்க்க உங்களுக்கே வேடிக்கையாக இருக்கும். பிறகு மீண்டும் ஒரு கொதி விட்டு இறக்கவும்.

கூழ் அலுத்துவிட்டதா? அதே மாவில் முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கிப் போட்டு, உள்ளங்கை அளவில் மெல்லிய அடை தட்டலாம். முட்டையை அடித்து ஊற்றித் தோசை வார்க்கலாம். கரண்டி நுனியால் காதும் வாலும் இழுத்தால் அது முயலாகிவிடும். களியைக் கோலிக்குண்டு போல் உருட்டிப் பருப்புக் கடைசலில் தோய்த்துக் கொடுத்தால் தானே எடுத்து உண்பான். பாதி தரையில்தான் விழும். பரவாயில்லை, துடைத்துக்கொள்ளலாம்.

மார்கழி, தை மாதங்களில் அவரைக்கொட்டை வரும். ஊறவைத்துப் பிதுக்கும்போது தம்பியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பருப்பு “புளுக்” என்று தெறித்தால் சிரிப்பான். தான் பிதுக்கிய பருப்பு என்றால் குழம்பில் நன்றாக மசித்துக் கொடுக்கும்போது மறுக்க மாட்டான். பச்சைப் பருப்பை மட்டும் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். முழு வேர்க்கடலையும் சுண்டலும் இந்த வயதுக்கு ஆகா, தொண்டையில் அடைக்கும். வேர்க்கடலையைப் பொடித்துச் சேர்க்கலாம்.

இன்று துப்பியதை என்றைக்கும் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு நாள் கழித்து ஒரு வாய் மட்டும் வையுங்கள். ஒரு புது உணவு பழகப் பத்து முறைகூட ஆகலாம். சோறு வேண்டாம் என்றதும் பிஸ்கட்டை நீட்டினால், மறுத்தால் பிஸ்கட் கிடைக்கும் என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான். நாள் முழுதும் பாலாகவே குடிக்கும் குழந்தைக்கும் பசி எடுக்காது, இரத்தசோகையும் வரலாம். நாளுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள்.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை போதும். அவன் சாப்பிட்டது போதுமா என்பதை எடைதான் சொல்லும். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் எடை பார்த்து அட்டையில் கோடு வரைகிறார்கள். அந்தக் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் மிச்சம் வைத்த கிண்ணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு மாதம் ஏறாமல் நின்றாலோ, இறங்கினாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, அம்மாவிடம் சொல்லி ஒரு நாள் விடுப்பு எடுக்கச் செய்து ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கூட்டிச் செல்லுங்கள்.