ஐந்து கருவிகள் தந்த ஒரு கருவி

பாடம் 8 – உரைநடை

நுழையும் முன்

பழுதான பொருளைக் கண்டதும், ‘இனி இது எதற்கும் உதவாது’ என்று சொல்லிவிடுவது எளிது. அதன் உறுப்புகளுள் எவை இன்னும் நலமாக உள்ளன என்று ஆராய்வது அரிது. அவ்வாறு ஆராய்ந்த ஓர் இசைக்கலைஞரையும் அவர் சேர்த்தமைத்த மின் பேஸ் கிதாரையும் பற்றியது இப்பாடம்.

தாழ்ந்த சுரங்களின் கருவி

மேலைநாட்டு இசைக்குழு ஒன்றின் பாடலைக் கேட்கும்போது பாடுவோரின் குரலே முதலில் நம் செவியை எட்டும். அக்குரலுக்கு அடியில் நின்று, தாளத்தையும் இசையையும் இணைத்துத் தாங்குவது பேஸ் கிதார். இதற்குப் பெரும்பாலும் நான்கு தந்திகள் உண்டு. அவற்றுள் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். ஆதலால் அதன் ஓசை ஆழ்ந்தும் தாழ்ந்தும் ஒலிக்கும்.

முற்காலத்தில் இப்பணியைச் செய்தது டபுள் பேஸ் என்னும் பெரிய மரக்கருவி. ஆள் உயரத்தையும் விஞ்சி நிற்கும் அதைச் சுமந்து செல்வது கடினம். பிற கருவிகளின் முழக்கத்திற்கு நடுவே அதன் ஒலி அமுங்கிவிடும். அதில் மெட்டுகள் இல்லாமையால், விரல் சற்றே விலகினாலும் சுரம் பிசகும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் இக்குறைகளுக்குத் தீர்வு தேடினார். அவர் தொடக்கத்தில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். அவருடைய நிறுவனம் 1951ஆம் ஆண்டு ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் மின் கருவியை வெளியிட்டது. பிரிசிஷன் என்றால் துல்லியம். மெட்டுகள் பதித்தமையால் சுரம் துல்லியமாக எழுந்தது. பெயரும் அதனால் அமைந்தது.

அக்கருவியில் மற்றொரு சிறப்பும் இருந்தது. நம் வீணைகளுள் ஒரே மரத்தில் குடைந்து செய்யப்படுவதை ஏகாண்ட வீணை என்பர். அதில் குடமும் தண்டியும் பிரிக்க இயலாதவை. ஃபெண்டரின் கருவியிலோ, கழுத்து உடலோடு நான்கு திருகாணிகளால் மட்டுமே பிணைக்கப்பட்டிருந்தது. மெட்டுகள் தேய்ந்தால் கழுத்தை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். இந்த எளிய அமைப்பே பின்னாளில் பலரும் தமக்கெனக் கருவி அமைத்துக்கொள்ள வழி திறந்தது.

உடைந்தவற்றிலிருந்து உருவானது

ஜான் என்ட்விசில் 1944ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். இளமையிலேயே பியானோவும் பிரெஞ்சு ஹார்ன் என்னும் ஊதுகருவியும் பயின்றார். பேஸ் கிதாரின்மீது விருப்பம் எழுந்தபோது, வீட்டிலேயே தம் கையால் ஒன்றைச் செய்துகொண்டார். பின்னர் ‘தி ஹூ’ என்னும் புகழ்பெற்ற குழுவின் பேஸ் கலைஞரானார். மேடையில் கருவிகளை உடைப்பதற்கும் அக்குழு பெயர் பெற்றிருந்தது.

1967ஆம் ஆண்டு அவரிடம் பழுதுபட்ட ஐந்து பிரிசிஷன் பேஸ் கருவிகளின் எச்சங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று கெட்டிருந்தது. ஏதோ ஒன்று நன்றாக இருந்தது. அவர் நல்லவற்றைத் தெரிந்தெடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, புதியதொரு கருவியை ஆக்கினார். அதற்கு ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்று பெயரும் சூட்டினார். அடுத்து வந்த சில ஆண்டுகள் அக்கருவியை விரும்பி வாசித்தார். 2002ஆம் ஆண்டு அவர் மறைந்தார். மறு ஆண்டு அவருடைய உடைமைகள் ஏலம் விடப்பட்டபோது, அந்தக் கருவியும் அவற்றுள் ஒன்றாக இருந்தது.

பொருத்தம் அறிதல்

என்ட்விசில் எடுத்த உறுப்புகள் ஒரே வகைக் கருவிக்கு உரியவை. ஆதலால் அவை எளிதில் இணைந்தன. வெவ்வேறு வகைக் கருவிகளின் உறுப்புகளைச் சேர்ப்பவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது அளவுகோலை.

பிரிசிஷன் பேஸில் தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். தலைப்பக்கத்துப் பள்ளக்கட்டையிலிருந்து குதிரை வரை உள்ள தொலைவே இந்நீளம். பன்னிரண்டாம் மெட்டு இதன் சரிபாதியில், அதாவது 17 அங்குலத்தில் அமைய வேண்டும். அங்கு விரல் வைத்தால் அதே சுரம் மேல்தாயியில் ஒலிக்கும். மற்ற மெட்டுகளின் இடைவெளிகளும் இந்த மொத்த நீளத்தைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன.

இப்பொழுது 30 அங்குலக் கணக்கில் மெட்டு பதித்த கழுத்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் பன்னிரண்டாம் மெட்டு 15 அங்குலத்தில் இருக்கும். அதைப் பொருத்தி, குதிரையை 34 அங்குலத் தொலைவில் வைத்தால் என்ன நேரும்? வெறுந்தந்தி சுருதி சேரும். மெட்டில் விரல் வைத்த அளவிலேயே சுரம் பிசகும். திருகாணிகள் நன்றாகப் பொருந்தியிருக்கும். கருவியும் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆயினும் பாடலுக்கு உதவாது. கண்ணுக்குப் பொருந்துவது வேறு, காதுக்குப் பொருந்துவது வேறு.

அடுத்துக் கருத வேண்டியது வலிமை. நான்கு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை, வளர்ந்த ஓர் ஆளின் எடைக்கு நிகரானது. அவ்விசையால் கழுத்து முன்னோக்கி வளையும். அதைத் தாங்கவே கழுத்தின் உள்ளே எஃகுத் தண்டு ஒன்று வைக்கப்படுகிறது. அதன் முனையிலுள்ள மரையைத் திருகி வளைவைச் சீர்செய்யலாம். பழைய கழுத்தை வாங்குவோர் அந்த மரை இன்னும் திரும்புகிறதா என்று சோதித்த பின்னரே விலை பேசுவர்.

மூன்றாவது, ஒலியை மின்னாக மாற்றும் உறுப்பு. இதனைப் பிக்கப் என்பர். காந்தங்களைச் சுற்றி, முடியினும் மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறும். அம்மாற்றத்தால் கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும். 1831ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. நைலான் தந்தியைப் பூட்டினால் இந்த உறுப்பு வாய் திறவாது; காந்தப்புலத்தை மாற்றும் ஆற்றல் நைலானுக்கு இல்லை.

இறுதியாக, மின் இணைப்பு. ஒலியின் அளவையும் தன்மையையும் மாற்றும் குமிழ்களோடு கம்பிகளைப் பற்றவைக்க வேண்டும். குதிரையிலிருந்து ஒரு கம்பி புவி இணைப்போடு சேர வேண்டும். அந்த ஒரு கம்பி விடுபட்டால், கருவியில் ஓயாத இரைச்சல் எழக்கூடும். கண்ணில் படாத கம்பி என்பதால் அதன் பணி சிறிதாகிவிடுவதில்லை.

பெயர் சொல்லும் பொருள்

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்பது ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லி 1818ஆம் ஆண்டு வெளியிட்ட புதினத்தின் பெயர். அதில் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்பவன் இறந்த உடல்களிலிருந்து உறுப்புகளைத் திரட்டி ஓர் உயிரைப் படைக்கிறான். அது கண் திறந்ததும் அதன் தோற்றத்துக்கு அஞ்சி, அதனைக் கைவிட்டு ஓடுகிறான். பலரும் அந்தப் படைப்பின் பெயரே ஃபிராங்கன்ஸ்டைன் என்று எண்ணுவர். உண்மையில் அது படைத்தவனின் பெயர்; படைக்கப்பட்டதற்குக் கதையில் பெயரே இல்லை.

இவ்விடத்தில் கதையும் கருவியும் வேறுபடுகின்றன. புதினத்தில் வருபவன் தான் சேர்த்ததற்குப் பெயரும் இடவில்லை, அதனோடு உடன் நிற்கவும் இல்லை. இசைக்கலைஞரோ தாம் சேர்த்ததற்குப் பெயரிட்டு, மடியில் ஏந்தி, மேடையேற்றினார். உறுப்புகளைச் சேர்ப்பது ஒரு நாள் வேலையாக இருக்கலாம். சேர்த்தபின் சுருதி கூட்டுவதும், வளைவைத் திருத்துவதும், இரைச்சலின் காரணத்தைத் தேடுவதும் கருவி உள்ளவரை தொடரும் வேலை.

மாணவர்களே, பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் வந்து படிப்போர் உங்களுள் பலர் இருப்பீர்கள். ஓர் ஊரில் கற்ற மொழி, மற்றோர் ஊரில் பழகிய பாட்டு, வேறோர் ஊரில் கிடைத்த நட்பு என உங்களிடமும் பலவிடத்து உறுப்புகள் உள்ளன. எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தவை அல்ல என்று வருந்த வேண்டியதில்லை. எது எதனோடு பொருந்தும் என்று அளந்து அறிவதும், பொருத்தியதைக் கைவிடாமல் சீர்செய்துகொண்டே இருப்பதும் உங்கள் பணி.

சொற்பொருள்

மெட்டு – தந்தியை அழுத்தும் இடத்தைக் காட்டும் உலோகக் கட்டை
குதிரை – தந்திகளைத் தாங்கும் உறுப்பு
தண்டி – வீணையின் நீண்ட கழுத்துப் பகுதி
வெறுந்தந்தி – விரல் வைக்காமல் மீட்டப்படும் தந்தி
எச்சம் – எஞ்சிய பகுதி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் பெயர் அமைந்ததற்குக் காரணம் யாது?
2. பழைய கழுத்தை வாங்குவோர் எதனைச் சோதிப்பர்? ஏன்?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. ‘கண்ணுக்குப் பொருந்துவது வேறு, காதுக்குப் பொருந்துவது வேறு’ – பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. மேரி ஷெல்லியின் கதைமாந்தனும் ஜான் என்ட்விசிலும் எவ்வகையில் வேறுபடுகின்றனர்?

இ. பிரித்து எழுதுக.
1. பொருத்தமறிதல் 2. இசைக்கருவி 3. எளிதன்று

ஈ. செயல்திட்டம்
உங்கள் வீட்டில் பழுதாகிக் கிடக்கும் பொருள் ஒன்றைப் பெரியவர் துணையோடு பார்வையிடுக. அதன் உறுப்புகளைப் பட்டியலிட்டு, நலமாக உள்ளவை, பழுதானவை என இருவகைப்படுத்துக. நலமான ஓர் உறுப்பை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று பத்து வரிகளில் எழுதுக. மின் இணைப்பிலுள்ள பொருளைத் தொடாதீர்.