உறைநிலத்து ஏரிகளும் நுண்ணுயிர்களும்

இரண்டாண்டுகளேனும் இடைவிடாது உறைந்து கிடக்கும் மண்ணை நிலையுறைநிலம் என்பர். சைபீரியா, அலாஸ்கா, கானடாவின் வடபாகம் ஆகிய இடங்களில் இது பரந்துள்ளது. இம்மண்ணிலுள்ள பனிக்கட்டி உருகுமிடத்து நிலம் அமிழ்ந்து பள்ளமாகிறது. பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியாகிறது. ஹட்ஸன் விரிகுடாவின் கீழ்கரையில் இத்தகைய சிற்றேரிகள் மிகப்பல. அவற்றுள் அடுத்தடுத்துள்ளனவும் நிறத்தால் வேறுபடுகின்றன. ஒன்று கருமை, ஒன்று பழுப்பு, ஒன்று பால் கலந்தாற் போன்றது. அந்நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்க் கூட்டமும் ஏரிதோறும் வேறுபடுகின்றது. இதற்குக் காரணம் யாதென ஈண்டு ஆராய்வோம்.

உயிர் வளரக் கரி, நைட்ரஜன், பாஸ்பரஸ் என்னும் மூன்றும் தக்க அளவில் வேண்டும். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களில் இவற்றின் அணுக்கள் ஏறத்தாழ 106 : 16 : 1 என்னும் விகிதத்தில் அமைந்துள்ளன. ரெட்பீல்டு என்னும் அமெரிக்க அறிஞர் பெயரால் இவ்வளவு வழங்குகின்றது. உறைநிலத்து ஏரிகள் பலவற்றில் இவ்வளவு நிலைகுலைகின்றது. நெடுங்காலம் மட்காது கிடந்த இலையும் வேரும் கரைந்து நீரிற் கலத்தலால் கரி மிகுகிறது. பாஸ்பரஸ் அந்த அளவிற்குப் பெருகுவதில்லை.

இதனால் விளைவன யாவை? கரைந்த கரிப்பொருளை உண்டு பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. உடல் மிகச் சிறிதாதலால், நீரிலுள்ள சிறிதளவு பாஸ்பரஸையும் அவை முந்திக்கொண்டு கவர்கின்றன. வெயிலை நம்பி வாழும் பாசிகளுக்கோ இருவகை இடர். நீரின் கருநிறம் ஒளியை மறைக்கிறது, பாஸ்பரஸும் கிட்டுவதில்லை. ஆயினும் சிலவகைப் பாசிகள், தமக்குரியதைக் கவர்ந்த பாக்டீரியாக்களையே விழுங்கி உயிர்வாழ்கின்றன! இனி, பாசியுண்ணும் நீர்த்தெள்ளின் உடல் பாஸ்பரஸ் மிகுந்தது. பாஸ்பரஸ் குறைந்த பாசியை எவ்வளவு தின்றாலும் அது நன்கு வளர்வதில்லை.

இவ்வாராய்ச்சியால் நமக்கு யாது பயன் என்று நண்பர் வினவலாம். வடபுலத்து உறைநிலப் பகுதியில் அடங்கிய கரி, வளிமண்டலத்திலுள்ள கரியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஏரியில் இறங்கும் கரியைப் பாக்டீரியாக்கள் உண்டு கரியமிலவாயுவாக வெளிவிடுகின்றன. பிராணவாயு அற்ற அடிமண்ணில் மீதேன் வாயுவும் பிறக்கின்றது. அது மேலெழும்போது ஒரு பகுதியை வேறு சில பாக்டீரியாக்கள் உண்டு தடுக்கின்றன. உலகை வெப்பமாக்கும் இவ்வாயுக்கள் எவ்வளவு வெளிப்படும் என்பது கண்ணுக்குப் புலனாகா இவ்வுயிர்களையும் பொறுத்தது.

ஒரு பொருள் மிக்கிருத்தல் வளமாகாது. உடனிருப்பவற்றோடு அது பொருந்தியிருத்தலே வளம் என்பதை இவ்வேரிகளால் யாம் அறிந்தோம்.