கொதிக்கும் எஞ்சினும் ஒழுகும் நீரும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலைமேல் ஏறியிருக்கிறீர்களா? கரியாலூர், வெள்ளிமலை நோக்கிச் செல்லும் அப்பாதையின் ஏதேனும் ஒரு வளைவில், பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து ஒரு பழைய லாரி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். முன்பக்கம் வெண்மையாக ஆவி கிளம்பும். கிளீனர் தம்பி குடத்துடன் ஓடைக்கு இறங்குவான். அந்த லாரி ஏன் நின்றது, அதை எவ்வாறு சரி செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

என் சித்தப்பாவிடம் அப்படியொரு லாரி இருந்தது. மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை இறக்கிச் சேகோ ஆலைகளுக்குக் கொண்டு செல்வார். திரும்பும்போது சிமெண்ட் மூட்டையோ உரமோ ஏற்றி வருவார். ஒருமுறை ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் சொட்டுச் சொட்டாக நீர் ஒழுகத் தொடங்கியது. "ஒரு குடம் தண்ணிதானடா, ஊத்திக்கலாம்" என்று இரண்டு வாரம் ஓட்டினார். அதன் விளைவைப் பின்னர் சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு கிலோகிராம் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 10,000 கிலோகலோரி வெப்பம் வெளிப்படும். (இன்று நீங்கள் ஜூலில் கணக்கிடுகிறீர்கள், கலோரியை 4.2ஆல் பெருக்கிக் கொள்ளுங்கள். நீரைப் பற்றிய கணக்குக்குக் கலோரிதான் கைக்கு அடக்கம்.) இதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே ஒட்டிய அளவுதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மற்றொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை, அதாவது சுமார் 30 சதவீதத்தை, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏந்திக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களின் வழியே இறங்கும்போது விசிறிக் காற்றிடம் வெப்பத்தை ஒப்படைத்துவிட்டு மீண்டும் எஞ்சினுக்குள் செல்கிறது.

மலை ஏறும் லாரி மணிக்கு 10 கிலோகிராம் டீசல் எரிப்பதாகக் கொள்வோம். மொத்த வெப்பம் 1,00,000 கிலோகலோரி. நீருக்குச் சேர்வது 30,000. அதாவது நிமிடத்துக்கு 500 கிலோகலோரி. எஞ்சினிலும் ரேடியேட்டரிலும் உள்ள நீர் 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ரேடியேட்டர் வேலை செய்யாத நிலையில் அந்நீர் நிமிடத்துக்கு 25 டிகிரி சூடேற வேண்டும்! எஞ்சினின் வார்ப்பிரும்பும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் என்பதால் இவ்வளவு வேகம் இராது. இரும்பு 300 கிலோகிராம் என்றும் அதன் வெப்ப எண் 0.11 என்றும் கொண்டால் அது 33 லிட்டர் நீருக்குச் சமம். ஆகவே நிமிடத்துக்கு 9 அல்லது 10 டிகிரி. 80 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் 100 டிகிரியைத் தொட இரண்டு நிமிடமே போதும். அடுத்த வளைவுக்குள் காரியம் முடிந்துவிடும்.

ஒழுக்கினால் நீர் மட்டுமா போகிறது? அழுத்தமும் போகிறது. இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ரேடியேட்டர் மூடியின் அடியில் ஒரு வில்சுருள் இருக்கிறது. உள்ளே அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவை மீறும் வரை அது வாயைத் திறப்பதில்லை. உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரின் குண்டு செய்யும் வேலையேதான். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அரை மடங்கு தாங்கும் மூடியாக இருந்தால், சமவெளியில் நீர் 111 அல்லது 112 டிகிரியில்தான் கொதிக்கும். கல்வராயன் மலையில் 3,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி நன்றாக இருந்தால் மலையிலும் 109 டிகிரி வரை தாங்கலாம். ஹோஸில் ஒரு துளை விழுந்தால் இந்த 12 டிகிரிப் பாதுகாப்பு போயிற்று.

இதே 12 டிகிரிதான் ஆட்களைச் சுட்டுப் பொசுக்குவதும். 109 டிகிரியில் 20 லிட்டர் நீர் உள்ளபோது ஒருவர் மூடியைத் திறக்கிறார் என்போம். அழுத்தம் சட்டென்று இறங்குகிறது; நீர் 97 டிகிரிக்கு வந்தாக வேண்டும். மிகுதியான வெப்பம் 20 × 12 = 240 கிலோகலோரி. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க 540 வேண்டும். எனவே சுமார் 0.44 கிலோகிராம் நீர் நொடிப்பொழுதில் ஆவியாகிறது. ஒரு கிலோகிராம் நீராவி 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும் என்பதால், 750 லிட்டர் ஆவி, கொதிநீரையும் வாரிக்கொண்டு, மூன்று விரல் அகல வாய் வழியே முகத்தில் பாய்கிறது. ஈரச் சாக்கைப் போட்டுத் திறந்தால் ஆபத்தில்லை என்பது வீண் நம்பிக்கை. எஞ்சினை நிறுத்தி, மேல் ஹோஸை வெறுங்கையால் பிடிக்க முடியும் வரை காத்திருங்கள். அரை மணியோ ஒரு மணியோ ஆகட்டும்.

இனி சித்தப்பாவின் கதை. சிமெண்ட் பாரத்துடன் ஏறும்போது வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது; பிறகு தானாகவே இறங்கியது. "சூடு தணிஞ்சிடுச்சு" என்று அவர் மகிழ்ந்து மேலும் ஓட்டினார். உண்மையில் நீர்மட்டம் வெப்பமானியின் குமிழுக்குக் கீழே போய்விட்டது. நீர் தொடாத குமிழ் எஞ்சினின் சூட்டை எப்படிக் காட்டும்? வண்டி தானே நின்றதும், பதற்றத்தில் ஓடை நீரைக் குடம் குடமாக ஊற்றினார். வார்ப்பிரும்பு ஒரு மீட்டர் நீளம் 100 டிகிரி குளிர்ந்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சுருங்கும். நீர் பட்ட இடம் சுருங்க, படாத இடம் சுருங்க மறுக்க, ஹெட் விரிசல் கண்டது. ஹோஸின் விலை மிகச் சொற்பம். ஹெட்டுக்காக வாங்கிய கடனுக்கு வண்டியையே விற்க வேண்டி வந்தது.

சரி, ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? இரவில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினுக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரியுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்தில் என்று பார்த்து, அதற்கு நேர் மேலே தேடுங்கள். உலர்ந்த ஒழுக்கு, துருநிறத்திலோ வெள்ளை உப்பாகவோ கோடு விட்டிருக்கும். ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள். பொருபொருவென்று வெடித்தோ, கொழகொழவென்று இளகியோ இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து நீர் சொட்டினால், துளையை அடைத்துவிடாதீர்கள்! உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று தெரிவிக்கவே அத்துளை இருக்கிறது. பம்பைத்தான் பழுது பார்க்க வேண்டும்.

வெளியே ஒரு சொட்டும் காணவில்லை, ஆனால் நீர் குறைகிறது என்றால் கவலைக்குரியது. ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி போல் இருந்தால், அல்லது குளிர்ந்த எஞ்சினை மூடியில்லாமல் கிளப்பியதும் ரேடியேட்டர் வாயில் குமிழிகள் ஓயாமல் வந்தால், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அது வீட்டு வேலையன்று, பட்டறைக்கு அனுப்புங்கள்.

ஹோஸ் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடியதே. வீட்டுப் பெரியவர் ஒருவரோடு செய்யுங்கள். எஞ்சின் முழுவதும் ஆறிய பின் அடிக்குழாயைத் திறந்து நீரை வாளியில் பிடியுங்கள். அது பச்சைநிறக் கூலண்டாக இருந்தால் தரையில் விடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நாயும் ஆடும் நக்கிவிடும். பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுத்துப் பிய்க்காமல் கத்தியால் நீளவாக்கில் கீறி எடுங்கள். ரேடியேட்டரின் கழுத்து மெல்லிய பித்தளை. கழுத்திலுள்ள துருவையும் உப்பையும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். புது ஹோஸைச் செருகி, கழுத்தின் விளிம்பு மேட்டுக்கு உட்புறமாகக் கிளிப் அமருமாறு முடுக்குங்கள். கிளிப் ரப்பரை வெட்டும் அளவுக்கு முடுக்க வேண்டாம். ஹோஸின் நுனி மட்டுமே கெட்டு, நீளமும் போதுமானால், இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மீண்டும் செருகியும் ஒப்பேற்றலாம்.

ரேடியேட்டரிலேயே துளை என்றால் பழைய வண்டிகளின் செம்பு, பித்தளை ரேடியேட்டர்களுக்குப் பற்றாசு வைக்கலாம். பட்டறைக்காரர் இரு வாயையும் அடைத்து, தொட்டி நீரில் அமிழ்த்திக் காற்றடிப்பார். பஞ்சர் கடையில் டியூபில் குமிழி தேடுவதைப் போலத்தான். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு 200 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே உருகிவிடும். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். புதிய வண்டிகளின் அலுமினிய ரேடியேட்டரில் இந்த வேலை பலிக்காது.

ஓட்டுநர்கள் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மூட நம்பிக்கை அன்று. நீரோடு சுற்றும் தூள், ஒழுக்கு வழியே வெளியேறும் நீரால் இழுக்கப்பட்டு, ஊறிப் பருத்துத் துளையில் அடைந்துகொள்கிறது. ஆனால் அதே தூள் ரேடியேட்டரின் ஒடுங்கிய குழாய்களையும் அடைக்கும். மலையிலிருந்து ஊர் வந்து சேர அது உதவலாம். வந்ததும் கழுவிவிட வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எஞ்சின் போதிய சூடின்றி ஓடி, டீசலைத் தின்னும்.

கடைசியாக நீர் நிரப்புதல். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் வேண்டாம். சூட்டில் அதன் சுண்ணாம்பு படிந்து, இரும்புக்கும் நீருக்கும் இடையே போர்வையாகிவிடும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் கலந்து மெல்ல ஊற்றுங்கள். மூடியின்றி எஞ்சினைச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறி மட்டம் இறங்கும். மீண்டும் ஊற்றி, நீர் சூடேறுமுன் மூடுங்கள். ஓர் ஓட்டம் ஓட்டி வந்து, மறுபடி செய்தித்தாளை விரித்து வையுங்கள். மறுநாள் காலையில் தாள் உலர்ந்திருந்து, ஆறிய ரேடியேட்டரில் மட்டமும் குறையாதிருந்தால் வண்டி மலை ஏறலாம்.