விலை கொடுக்கத் தகுந்த டி.எல்.சி. எது?

வீடியோ கேம் ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு, அதே விளையாட்டின் புதிய பகுதிகளைத் தனி விலைக்கு விற்பதே டி.எல்.சி. எனப்படும் வியாபாரம். இவ்வியாபாரம் இயல்பிலேயே அநியாயமானது என்று நான் கருதவில்லை. முதற் படைப்பில் பெற்ற தேர்ச்சியைக் கொண்டு அதைவிடச் சிறந்த ஒன்றைச் செய்து காட்டும் சந்தர்ப்பம் நல்ல கலைஞர்களுக்கு இதனால் வாய்த்திருக்கிறது. ஆனால் உயர்ந்த சரக்கும் வெறும் சரக்கும் ஒரே பெயரில் அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருப்பதால், வாங்குகிறவர் சற்று நிதானித்துத் தேர்ந்தெடுப்பது அவசியம்.

பெதஸ்டா நிறுவனத்தின் ‘ஆப்லிவியன்’ என்ற ஒரே விளையாட்டிலேயே இரண்டு வகையையும் காணலாம். 2006 ஏப்ரலில் அதற்கென வெளியான குதிரைக் கவசத்தின் விலை 2.50 டாலர்; கதாநாயகன் ஏறிச் செல்லும் குதிரை கம்பீரமாகத் தோன்றியதே தவிர, சென்று காணப் புதிய இடமோ தொடர்ந்து செல்லப் புதிய கதையோ அதில் இல்லை. மறு ஆண்டு மார்ச்சில் 30 டாலருக்கு வந்த ‘ஷிவரிங் ஐல்ஸ்’ பகுதியோ, பித்துக்கு அதிபதியான ஷியோகொராத்தின் இராஜ்யத்தை, ஒரு பாதி வர்ணஜாலமும் மறு பாதி இருண்ட சதுப்புமாக, பிரஜைகளோடும் விநோதங்களோடும் புதிதாகச் சிருஷ்டித்துக் கொடுத்தது. விலையில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தும், இவ்விரண்டில் மலிவானது பின்னதே என்பது என் அபிப்பிராயம்.

‘எத்தனை மணி நேரம் ஆடலாம்?’ என்று கேட்டு, விலையை அந்த எண்ணால் வகுத்துப் பார்ப்பது பலருடைய வழக்கம். அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதை, போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனத்தார் ‘விட்சர் 3’ விளையாட்டுக்கு வெளியிட்ட இரு விரிவாக்கங்களைக் கொண்டு சோதிக்கலாம். 2015 அக்டோபரில் வந்த ‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்’ சுமார் 10 டாலர், சுமார் 10 மணி நேரம். 2016 மே மாதம் வந்த ‘பிளட் அண்ட் வைன்’ சுமார் 20 டாலர், சுமார் 20 மணி நேரம் என்பது தயாரித்தவர்களே சொன்ன கணக்கு. வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆடிப் பார்த்தவர்களுக்கோ அவை இரண்டும் முற்றிலும் வேறு வேறான அனுபவங்கள்.

முன்னதன் களம் பெரும்பாலும் நாம் ஏற்கெனவே சுற்றிய பூமிதான். புதுமையெல்லாம் கதையில் இருக்கிறது. ஒப்பந்தம் ஒன்றின் பயனாகச் சாகாவரம் பெற்று, அதன் கிரயமாக இதயம் கல்லாகிப்போன ஓல்கியர்ட் என்ற பிரபுவும், மூல விளையாட்டின் தொடக்கத்தில் சத்திரமொன்றில் வெறும் வழிப்போக்கனாக நாம் சந்தித்து மறந்துவிட்ட, அந்த ஒப்பந்தத்தைச் செய்துகொண்ட கோன்டர் ஓடிம் என்பவனும் அதில் எதிரெதிரே நிற்கிறார்கள்; கல்யாண வீடொன்றில், இறந்துபோன ஒருவனின் ஆவி கதாநாயகன் கெரால்ட்டின் உடலில் புகுந்து ஒரே ஓர் இரவு ஆடிக் களிக்கும் அத்தியாயத்துக்காகவே முழு விலையையும் மனமுவந்து கொடுக்கலாம். பின்னதில் திராட்சைத் தோட்டங்களும் வெண்ணிறக் கோபுரங்களும் நிறைந்த தூசான் என்ற புதிய பிரதேசமே கிடைக்கிறது. கெரால்ட்டுக்கென்று சொந்தமாக ஒரு தோட்ட வீடும் அமைகிறது. கதையின் இறுக்கத்தை விரும்புகிறவர் முன்னதையும், பல வாரம் பழகிய ஒரு பாத்திரத்தை நிம்மதியாக அமர்த்திவிட்டு விடைபெற விரும்புகிறவர் பின்னதையும் வாங்க வேண்டும். ஒன்றுக்கு மேல் இயலாது என்றால் நான் முன்னதையே சொல்வேன்.

மூலப் படைப்பு சம்பூரணமாக இருந்து, அதை முடித்தவருக்கு இன்னும் வேண்டும் என்ற ஆசை எழும்போது வந்து சேர்வதே நல்ல விரிவாக்கம். இதற்கு நேர்மாறானது 2012 மார்ச்சில் ‘மாஸ் எஃபெக்ட் 3’ வெளியான அதே நாளில் விற்பனைக்கு வந்த ‘ஃப்ரம் ஆஷஸ்’. 50,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டதாக அத்தொடர் முழுவதும் சொல்லப்பட்ட புரோத்தியன் என்ற வேற்றுலக இனத்தில் எஞ்சிய கடைசி ஆளே அதில் வரும் ஜாவிக். கதையின் மையமான மர்மத்துக்கு இவ்வளவு நெருங்கிய பாத்திரத்தைச் சுமார் 10 டாலருக்குப் பின்னால் நிறுத்தி வைத்தது வாசகனிடமிருந்து ஓர் அத்தியாயத்தைக் கிழித்து வைத்துக்கொள்வதற்கு ஒப்பானது. அப்பகுதி நன்றாகவே செய்யப்பட்டிருந்தது என்பது இந்தக் குறையை அதிகமாக்குகிறதே தவிரக் குறைக்கவில்லை.

உடை, வர்ணம் போன்ற அலங்காரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தினந்தோறும் ஆடுகிற விளையாட்டானால் விருப்பம்போல் வாங்கலாம். இணையத்திலேயே உயிர்வாழும் விளையாட்டுகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ‘டெஸ்டினி 2’ விளையாட்டில் பணம் கொடுத்து வாங்கிய ‘கர்ஸ் ஆஃப் ஒசைரிஸ்’, ‘வார்மைண்ட்’ என்ற கதைப் பகுதிகள் 2020 நவம்பரில் அகற்றப்பட்டுவிட்டன.

பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில், வாங்காதவரை ஒதுக்கிவிடாத டி.எல்.சி.யே உத்தமமானது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டுக்கு 2022 ஏப்ரலில் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’, அதுவரை இந்தியர் என்று ஒன்றாக இருந்ததைப் பிரித்துத் திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் ஆகியோரைத் தனித்தனியே தந்தது. சுருள்வாள் வீரர்களும் இராஜேந்திர சோழனின் படையெடுப்பும் அதில் உண்டு. அதை வாங்காத நண்பரும் வாங்கியவரோடு தடையின்றி மோதலாம். தமிழர் வீட்டில் அந்த விளையாட்டு இருக்குமானால், இதை யோசனையின்றி வாங்கலாம்.

வாங்குமுன் நுழைவு நிபந்தனையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘எல்டன் ரிங்’ விளையாட்டுக்கு 2024 ஜூனில் 40 டாலருக்கு வந்த ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’, ராடான், மோக் என்ற இரு கொடிய எதிரிகளை வென்றவருக்கே திறக்கும். மோக் இருக்கும் இடமோ தேடிச் செல்லாதவர் கண்ணில் படாதது. ஆகவே மூல விளையாட்டை முடிக்குமுன், வரப்போகும் பகுதிகளுக்கெல்லாம் சேர்த்து முன்கூட்டியே விலை கொடுக்கும் சீசன் பாஸ் வாங்கி வைப்பதில் பிரயோஜனமில்லை. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கும் டி.எல்.சி.யை, வாங்கிய 14 நாட்களுக்குள், அதன் பிறகு மூல விளையாட்டை 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். ஆதலால் வாங்கிய அன்றே பழைய வேலைகளில் இறங்காமல் நேரே புதிய பகுதிக்குள் சென்று பாருங்கள்.